திரும்பத் திரும்பத் தண்டனை: ஜோசபின் பட்லர் அம்மையாரின் வாழ்வும் வினாவும்

ஒருவரை ஒரு குற்றத்திற்காக ஒருமுறை தண்டிப்பது நீதியாக இருக்கலாம். அதே குற்றத்திற்காக அவரையே பத்துமுறை தண்டிக்க நேருமாயின், குற்றம் கூண்டில் நிற்பவரிடம் மட்டுந்தான் இருக்கிறதா, அவரை அங்கே மீண்டும் மீண்டும் கொண்டுவந்து நிறுத்தும் ஏற்பாட்டிலும் இருக்கிறதா என்று வினவவேண்டியதாகிறது. மாதவியின் மகள் மணிமேகலை சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கிய கதையைப் படித்து வளர்ந்த தமிழ் நெஞ்சங்களுக்கு இவ்வினா புதியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அதே வினாவை ஆட்சியாளரின் முகத்துக்கு நேரே எழுப்பி, அதற்காக வசையும் கல்லடியும் ஏற்று, ஒரு சட்டத்தையே வீழ்த்திக் காட்டியவர் ஜோசபின் பட்லர் அம்மையார்.

பிறப்பும் வளர்ப்பும்

இங்கிலாந்தின் வட எல்லையில், ஸ்காட்லாந்தை ஒட்டிக் கிடக்கும் நார்தம்பர்லாந்து மாவட்டத்தில், மில்ஃபீல்டு என்னும் ஊரில் 1828ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாள் ஜோசபின் பிறந்தார். தந்தை ஜான் கிரே வேளாண்மைச் சீர்திருத்தத்தில் பெயர்பெற்ற நிலமேலாளர். அடிமை வாணிகத்தையும் அடிமை முறையையும் எதிர்த்து இயங்கியவர். 1832இன் தேர்தல் சீர்திருத்தச் சட்டத்தைக் கொண்டுவந்த தலைமையமைச்சர் கிரே பிரபு இவருக்கு உறவினர். தாயார் ஹன்னா, சமயக் கொடுமைக்குத் தப்பிப் பிரான்சிலிருந்து வெளியேறிய ஹ்யூகனாட் மரபினர்.

அடிமைப்பட்ட பெண்கள் பட்ட பாடுகளைத் தந்தையின் வாயிலாகக் கேட்டு வளர்ந்தார் ஜோசபின். உணவு மேசையிலேயே அரசியலும் அறமும் பேசப்பட்ட வீடு அது. ஒரு சட்டம் நாட்டில் நடைமுறையில் இருக்கிறது என்பதனாலேயே அது நேர்மையானதாகிவிடாது என்பதையும், நேர்மையற்ற சட்டத்தை மக்கள் கூடி மாற்ற முடியும் என்பதையும் அச்சிறுமி ஏட்டில் படித்து அறியவில்லை. வீட்டில் கண்டு அறிந்தாள்.

1852இல் ஜார்ஜ் பட்லர் என்னும் கல்வியாளரை மணந்தார். ஜார்ஜ் பின்னர்த் திருச்சபைப் பணியும் ஏற்றவர். மனைவியின் அறிவைத் தம் அறிவுக்கு நிகராக மதித்தவர். பிற்காலத்தில் அம்மையார் மேடையேறியபோது கணவரை ஏளனம் செய்தோர் பலர். 1871இல் நாட்டிங்ஹாமில் கூடிய திருச்சபை மாநாட்டில், மனைவியின் இயக்கத்தை ஆதரித்து ஜார்ஜ் பேச எழுந்தபோது கூச்சலிட்டு அவரை அமரச் செய்தனர். அவருக்கு வரவேண்டிய உயர்பதவிகள் பல ஆண்டுகள் வாராமலே போயின. அவர் ஒருபோதும் மனைவியைத் தடுத்தாரில்லை.

ஆக்ஸ்போர்டில் கண்ட அநீதி

மணமான புதிதில் இருவரும் ஆக்ஸ்போர்டில் வாழ்ந்தனர். பல்கலைக்கழக ஆடவர் கூடிப் பேசும் அவைகளில் பெண்ணென்று பெரும்பாலும் அவர் ஒருவரே இருப்பார். வழிதவறிய பெண்ணொருத்தியைப் பரிவோடு சித்திரித்த எலிசபெத் காஸ்கெல்லின் ‘ரூத்’ நாவல் 1853இல் வெளிவந்தபோது, அந்த அறிஞர்கள் பேசிய பேச்சு அவர் உள்ளத்தைப் புண்படுத்தியது. ஒழுக்கக்கேடு ஆணிடம் காணப்பட்டால் மன்னிக்கத்தக்கது, பெண்ணிடம் காணப்பட்டால் மீட்சியே அற்றது என்று அவர்கள் கருதினர்.

அந்நாளில்தான் ஒரு செய்தி அவர் செவிக்கு எட்டியது. தன் குழந்தையைக் கொன்ற குற்றத்திற்காக ஓர் இளம்பெண் லண்டன் நியூகேட் சிறையில் கிடந்தாள். அவளைக் கைவிட்ட ஆடவனோ ஆக்ஸ்போர்டில் மதிப்போடு உலவிவந்தான். பல்கலைக்கழகப் பெரியவர் ஒருவரிடம் அம்மையார் முறையிட்டார். அப்பெரியவர் அமைதி காப்பதே நலம் என்று அறிவுரை கூறினார். கணவர் ஜார்ஜ் வேறு வழி கண்டார். சிறையின் சமயகுருவுக்குக் கடிதம் எழுதி, தண்டனைக்காலம் முடிந்ததும் அப்பெண்ணைத் தங்கள் வீட்டுப் பணிக்கு வரவழைத்துக்கொண்டார். சிறைவாசலைக் கடந்து வரும் பெண்ணுக்கு அடுத்த அடி எடுத்துவைக்க ஓரிடம் வேண்டும் என்பதை அத்தம்பதியர் முதலில் உணர்ந்தது இந்நிகழ்ச்சியில்தான்.

மகளின் மறைவும் லிவர்பூல் வாழ்வும்

1857இல் ஜார்ஜ், செல்ட்டனம் கல்லூரியின் துணைத்தலைவர் ஆனார். மூன்று ஆண்மக்களுக்குப் பின் பிறந்த ஒரே மகள் ஈவா, குடும்பத்தின் கண்மணியாக இருந்தாள். 1864 ஆகஸ்டில் ஒருநாள் மாலை, வெளியே சென்று திரும்பிய பெற்றோரை வரவேற்க மேல்மாடியிலிருந்து ஓடிவந்த ஐந்து வயதுக் குழந்தை, படிக்கட்டின் கைப்பிடிச் சுவரைத் தாண்டிப் பெற்றோரின் காலடியிலேயே விழுந்து உயிர் நீத்தாள். அம்மையார் பல மாதங்கள் துயரக் கடலில் மூழ்கிக் கிடந்தார்.

1866இல் ஜார்ஜுக்கு லிவர்பூல் கல்லூரித் தலைமைப் பதவி கிடைத்தது. துறைமுக நகரமான லிவர்பூலில் வறுமையும் செல்வமும் தோளோடு தோள் உரசி நின்றன. தம் துயரினும் பெருந்துயர் பட்டவர்களைத் தேடி அம்மையார் பிரௌன்லோ ஹில் ஏழையர் விடுதிக்குச் சென்றார். அதன் நிலவறையில், ஒருவேளை உணவுக்காகவும் ஓரிரவுத் தங்கலுக்காகவும் வந்த பெண்களும், தெருவில் பிடிபட்டு அனுப்பப்பட்ட பெண்களும் தரையில் அமர்ந்து, தார் படிந்த பழைய கப்பற் கயிறுகளை விரலால் பிரித்து நாராக்கிக்கொண்டிருந்தனர். அம்மையாரும் அவர்களோடு தரையில் அமர்ந்து கயிறு பிரிக்கத் தொடங்கினார். பழக்கமில்லாத அவர் விரல்கள் தடுமாறுவதைக் கண்டு அப்பெண்கள் நகைத்தனர். அந்த நகைப்பில் உறவு பிறந்தது.

அங்கே கேட்ட கதைகள் அவருக்குப் பலவற்றைக் கற்பித்தன. துறைமுகத் தொழில் ஆண்களுக்கே உரியதாக இருந்த அந்நகரில், பெண்ணுக்குக் கிடைத்த கூலிவேலை அரிது. வீட்டுவேலையை இழந்தவள், கணவனால் கைவிடப்பட்டவள், தாய்தந்தை இல்லாதவள் ஆகியோர் தெருவுக்கு வந்தனர். தெருவில் பிடிபட்டனர். சிறைசென்று மீண்டனர். மீண்டபின் வேலைகொடுப்பார் எவருமின்மையால் மறுபடியும் தெருவுக்கே வந்தனர்.

அம்மையார் அவர்களுள் சிலரைத் தம் வீட்டுக்கே அழைத்துவந்தார். காசநோயால் உயிர் ஊசலாடிய மரியன் என்னும் இளம்பெண் அவர் வீட்டில் இறுதிநாட்களைக் கழித்து மறைந்தாள். அவளுடைய சவப்பெட்டியை வெண்ணிறக் கமேலியா மலர்களால் நிறைத்து அனுப்பினார் அம்மையார். வீட்டில் இடம் போதாதபோது, நோயுற்றோருக்கென ஓர் இளைப்பாறும் இல்லத்தையும், 1867இல் உடல்நலம் உடையோருக்கென ஒரு தொழில் இல்லத்தையும் ஏற்படுத்தினார். தொழில் இல்லத்தில் தையலும் கடித உறை செய்யும் வேலையும் நடந்தன.

அந்நாளில் வழிதவறிய பெண்களுக்கென்று திருச்சபையினர் நடத்திய கழுவாய் இல்லங்கள் பல இருந்தன. அவற்றில் பெண்கள் பெரும்பாலும் இரண்டு ஆண்டுகள் வெளியுலகத் தொடர்பின்றி, சலவைவேலை செய்தவாறு தம் பாவத்தை நினைந்து வாடவேண்டும். அம்மையாருடைய நோக்கு வேறு. பெண்ணுக்கு முதலில் வேண்டுவது ஓய்வு, பிறகு அன்பு, பிறகு கூலி தரும் தொழில் என்று அவர் கருதினார். அதே ஆண்டில் வடஇங்கிலாந்துப் பெண்கள் உயர்கல்வி மன்றத்தின் தலைவராகப் பொறுப்பேற்றதும் இக்கருத்தின் தொடர்ச்சியே. கல்வியும் தொழிலும் பெண்ணுக்கு மறுக்கப்படும் நாட்டில் மறுவாழ்வு என்பது வெறுஞ்சொல்லாகவே முடியும் என்று அவர் எழுதியும் பேசியும் வந்தார்.

சட்டம் இட்ட பெயர்

அக்காலச் சட்டநிலையைச் சற்று விளக்கமாகக் காண்பது தேவை. இங்கிலாந்தில் உடலை விற்பது தனியொரு குற்றமன்று. 1824ஆம் ஆண்டின் நாடோடிகள் சட்டம், பொது இடத்தில் முறைகேடாக நடந்துகொள்ளும் பொதுமகளை ஒழுங்கற்றவர் பட்டியலில் சேர்த்து ஒரு மாதம் வரை சிறையிட வழிவகுத்தது. மறுமுறை பிடிபட்டால் அவள் போக்கிரி என்னும் பட்டியலுக்கு ஏறுவாள். தண்டனை மூன்று மாதமாகும். அதற்கும் மேல் பிடிபட்டால் திருத்தவொண்ணாப் போக்கிரி என்று பெயர். ஓராண்டுவரை சிறை காத்திருக்கும். ஏணியின் ஒவ்வொரு படியும் கீழ்நோக்கியே அமைந்திருந்தது. திருத்தவொண்ணாதவள் என்று சட்டமே பெயரிட்டுவிட்டபின், அவளைத் திருத்த யார் முன்வருவர்?

இதன்மேல் இன்னொரு சுமை வந்து சேர்ந்தது. படைவீரரிடையே பால்வினை நோய் பெருகியதைக் கண்ட அரசு, 1864, 1866, 1869 ஆகிய ஆண்டுகளில் தொற்றுநோய்ச் சட்டங்கள் என்ற பெயரில் மூன்று சட்டங்களை இயற்றியது. படைமுகாம்களும் கடற்படைத் தளங்களும் இருந்த குறிப்பிட்ட நகரங்களில் அவை நடைமுறைக்கு வந்தன. சீருடையணியாத காவலர் ஒருவர் ஒரு பெண்ணைப் பொதுமகள் என்று ஐயுற்றால் போதும். அவள் தானே இசைந்து மருத்துவ ஆய்வுக்கு உட்படுவதாகக் கையொப்பமிடவேண்டும். அல்லது நடுவர் முன் நின்று தான் அத்தகையவள் அல்லள் என்று காட்டவேண்டும். எழுத்தறியாத பெண்கள், என்னவென்று அறியாமலே தாளில் சிலுவைக் குறியிட்டனர். அதன்பின் இரு வாரத்திற்கொருமுறை ஆய்வு. நோய் கண்டால், வெளியேற உரிமையில்லாத தனி மருத்துவமனையில் அடைப்பு. 1864இல் மூன்று மாதம் வரை என்றிருந்த அடைப்புக்காலம் 1869இல் ஒன்பது மாதம் வரை நீண்டது. ஆய்வுக்கு மறுத்தால் முதன்முறை ஒரு மாதமும், அடுத்தடுத்த முறை மூன்று மாதமும் சிறை. அவளை நாடிச் சென்ற ஆடவனுக்கு ஆய்வுமில்லை, அடைப்புமில்லை.

இச்சட்டங்களை ஆதரித்தோர் எல்லாரும் தீயவர் அல்லர். இங்கிலாந்தின் முதல் பெண் மருத்துவர்களுள் ஒருவரான எலிசபெத் காரட் ஆண்டர்சனே இவற்றை ஆதரித்தார். நோயுற்ற ஏழைப் பெண்ணுக்கு இலவச மருத்துவம் கிடைக்கிறதே, மருத்துவமனையில் நல்லுரை கேட்டுச் சிலர் திருந்துகின்றனரே என்பது அவர்கள் வாதம். அதை எளிதில் தள்ளிவிட முடியாது.

ஆயின் பட்டியலில் பெயரேறிய பெண்ணின் பின்னாளைய வாழ்வு என்னவாயிற்று? துறைமுக நகரங்களின் ஏழைப் பெண்கள் பலர், வேலையற்ற காலத்தில் இத்தொழிலுக்கு வந்து, சில ஆண்டுகளில் வேறு வேலைக்கோ மணவாழ்வுக்கோ திரும்பிவிடும் வழக்கம் முன்னர் இருந்தது. பதிவேடு அந்த வழியை அடைத்தது. ஆய்வுநாளில் அவள் எங்கே போகிறாள் என்பதைத் தெருவே அறிந்தது. வாடகைக்கு வீடு கொடுப்போரும் வேலை கொடுப்போரும் அஞ்சினர். பிளிமத், சவுத்தாம்ப்டன் நகரங்களை ஆராய்ந்து 1980இல் வரலாற்றறிஞர் ஜூடித் வால்கோவிட்ஸ் வெளியிட்ட நூல் இவ்வுண்மையை விரிவாக நிறுவியுள்ளது. அம்மையாரோ அந்நூலுக்கு நூற்றுப்பத்து ஆண்டுகளுக்கு முன்னரே, கயிறு பிரித்த நிலவறையில் இதைக் கண்டுகொண்டிருந்தார்.

பதினாறு ஆண்டுப் போர்

1869இன் இறுதியில் பெண்கள் தேசியச் சங்கம் உருவாயிற்று. அதன் தலைமையை ஏற்க அழைப்பு வந்தபோது அம்மையார் பல நாள் தயங்கினார். மதிப்புடைய குடும்பத்துப் பெண் இப்பொருளை மேடையில் பேசுவது அந்நாளில் நினைத்தற்கும் அரிது. கணவரின் வாழ்த்தோடு தலைமையேற்றார். 1870 சனவரி முதல் நாள் ‘டெய்லி நியூஸ்’ இதழில் பெண்களின் எதிர்ப்பறிக்கை வெளிவந்தது. ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல், ஹாரியட் மார்ட்டினோ முதலியோர் அதில் ஒப்பமிட்டிருந்தனர்.

அம்மையார் முதலில் நாடியது தொழிலாளரை. குரூ நகரின் தொடர்வண்டித் தொழிலாளர் அவர் பேச்சை உருக்கத்தோடு கேட்டனர். தம் மகளிரும் தங்கையரும்தாம் இச்சட்டத்தின் வலையில் விழக்கூடியவர் என்பதை விளங்கிக்கொள்ள அவர்களுக்கு நேரமாகவில்லை. அதே ஆண்டு கோல்செஸ்டர் இடைத்தேர்தலில், இச்சட்டங்களின் தீவிர ஆதரவாளரான சர் ஹென்றி ஸ்டோர்க்ஸ் அரசுத்தரப்பில் போட்டியிட்டார். அம்மையார் தங்கிய விடுதியைக் கும்பல் சூழ்ந்தது. விடுதிக்காரர் அவரை வெளியேறச் சொன்னார். அவர் தெருத்தெருவாக ஒளிந்து செல்ல நேர்ந்தது. வாக்கெண்ணிக்கையில் ஸ்டோர்க்ஸ் தோற்றார். 1872இல் பான்டிஃபிராக்ட் இடைத்தேர்தலின்போது, பெண்கள் கூட்டம் வைக்கோற்பரண் ஒன்றில் நடந்தது. கீழே வைக்கோலுக்குத் தீவைத்து, புகையால் பெண்களை மூச்சுத்திணறச் செய்தனர் எதிரிகள். காவலர் பார்த்துக்கொண்டு நின்றனர்.

1871இல் அரச ஆணையத்தின்முன் அம்மையார் சான்றளித்தார். அவ்வாணையம் தன் அறிக்கையில், பெண் பொருளுக்காகக் குற்றம் செய்கிறாள், ஆணோ இயல்பான உணர்ச்சிக்கு முறைதவறி இடங்கொடுக்கிறான், ஆகவே இருவரையும் ஒப்பிடவே இயலாது என்ற பொருள்பட எழுதிவைத்தது. இரட்டை நீதி இவ்வளவு வெளிப்படையாக அரசு ஏட்டில் பதிந்தது அரிது. அதே ஆண்டு அம்மையார் எழுதிய ‘மீறப்பட்ட அரசமைப்பு’ என்னும் பொருள்தரும் தலைப்புடைய நூல், வாதத்தை ஒழுக்கத் தளத்திலிருந்து உரிமைத் தளத்திற்கு உயர்த்தியது. நடுவர்குழு விசாரணையின்றி எவருடைய உடலையும் அடைத்துவைக்க ஆட்சிக்கு உரிமையில்லை என்ற மகாசாசனக் கோட்பாடு, தெருவில் நிற்கும் பெண்ணுக்கும் உண்டா இல்லையா என்று அந்நூல் கேட்டது. அவளுக்கு இல்லையென்றால் நாளை எவருக்கும் இல்லாமற் போகும் என்பது அவர் எச்சரிக்கை.

1875இல் ஆல்டர்ஷாட் படைநகரில் பெர்சி என்னும் மேடைக் கலைஞர், தம்மையும் தம் இளவயது மகளையும் பட்டியலில் சேர்க்கக் காவலர் நெருக்கியதால் வேலையிழந்து, கால்வாயில் பிணமாக மிதந்தார். நாடு அதிர்ந்தது. அதற்கு முந்திய குளிர்காலத்தில் அம்மையார் பாரிசு நகருக்குச் சென்றிருந்தார். அங்கே ஒழுக்கக் காவல்துறை நீதிமன்றத்திற்கே கொண்டுசெல்லாமல் பெண்களைச் செயிண்ட் லசார் சிறையில் அடைப்பதைக் கண்டார். இங்கிலாந்து எவ்வழியில் போய்க்கொண்டிருக்கிறதோ அவ்வழியின் முடிவிடம் அதுவே என்று உணர்ந்து, 1875இலேயே பன்னாட்டுக் கூட்டமைப்பு ஒன்றைத் தோற்றுவித்தார்.

அமைச்சர் பதவி வாய்ப்பைத் துறந்த ஜேம்ஸ் ஸ்டான்ஸ்ஃபீல்டு நாடாளுமன்றத்தில் இயக்கத்தின் குரலானார். ஏறத்தாழ 26 இலட்சம் கையொப்பங்கள் மன்றத்தின் வாயிலில் வந்து குவிந்தன. 1883இல் கட்டாய ஆய்வைக் கண்டிக்கும் தீர்மானம் நிறைவேறிச் சட்டங்கள் நிறுத்திவைக்கப்பட்டன. 1886இல் முற்றிலும் நீக்கப்பட்டன.

ரெபெக்காவும் புதிய சட்டமும்

வெற்றிக்கு முந்திய ஆண்டே அம்மையாருக்குப் பெருஞ்சோதனை ஒன்று வந்தது. ரெபெக்கா ஜாரட் என்னும் பெண், இளமையிலேயே இத்தொழிலுக்குத் தள்ளப்பட்டு, பின்னர்த் தானே விடுதி நடத்தி, குடிக்கு அடிமையாகி உடல்நலம் குன்றியவர். இரட்சணிய சேனையினர் அவரை மீட்டு, அப்போது வின்செஸ்டரில் வாழ்ந்துவந்த அம்மையாரிடம் அனுப்பினர். அம்மையார் அவரை வெறுமனே காத்துவைக்கவில்லை, பொறுப்புக் கொடுத்தார். தம்மைப்போல் வீழ்ந்த பெண்களைத் தேடி அழைத்துவந்து பேணும் சிறிய இல்லம் ஒன்று ரெபெக்காவின் கையில் ஒப்படைக்கப்பட்டது.

1885இல் இதழாசிரியர் டபிள்யூ. டி. ஸ்டெட், சிறுமியர் விலைக்கு வாங்கப்படுவதை உலகுக்குக் காட்ட விரும்பினார். பழைய தொடர்புகளைப் பயன்படுத்தி ஒரு சிறுமியை வாங்கித்தருமாறு ரெபெக்காவை வற்புறுத்தினார். விட்டுவந்த வாழ்வின் வாயிலுக்கே மீண்டும் போகச்சொல்லும் அந்தக் கோரிக்கையை ரெபெக்கா வேதனையோடு ஏற்றார். ஸ்டெட்டின் கட்டுரைகள் நாட்டை உலுக்கின. பெண்ணின் இசைவு வயது 13இலிருந்து 16ஆக உயர்த்தப்பட்டது. ஆனால் தந்தையின் இசைவின்றிச் சிறுமி அழைத்துச்செல்லப்பட்டாள் என்ற வழக்கில் ஸ்டெட்டுக்கு மூன்று மாதமும் ரெபெக்காவுக்கு ஆறு மாதமும் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டன. திட்டமிட்டவருக்குக் குறைவு, பழைய பெயர் ஒட்டிக்கொண்டிருந்தவளுக்கு இருமடங்கு. நீதிமன்றத்தில் ரெபெக்கா தடுமாறினார், சிலவற்றை மறைத்தார். அவரைப் பொய்யர் என்று நாடே தூற்றியது.

அம்மையார் அவரைக் கைவிடவில்லை. ரெபெக்காவின் பெயரையே தலைப்பாக்கி 1886இல் ஒரு நூல் எழுதி, அவர் தரப்பை உலகின்முன் வைத்தார். மறுவாழ்வு என்பது ஒரே தாவலில் ஏறிவிடும் மேடு அன்று. வழுக்கியும் விழுந்தும் எழுந்தும் ஏறவேண்டிய மலை. ஒருமுறை விழுந்தாள் என்பதற்காகக் கையை விட்டுவிடுபவர், தொடக்கத்திலேயே கைகொடுத்தவராகார் என்னும் கருத்து அந்நூலின் உள்ளீடு. ரெபெக்கா சிறைமீண்டு இரட்சணிய சேனையில் வாழ்ந்து, 1928இல் காலமானார்.

1885இன் சட்டத்தில் இன்னொரு பகுதியும் இருந்தது. விடுதிகளை விரைவாக மூடக் காவல்துறைக்கு அது அதிகாரம் தந்தது. அச்சட்டத்தைச் செயற்படுத்த எழுந்த கண்காணிப்புச் சங்கத்தார், விடுதிகளை மூடுவதையே அறப்பணியாகக் கொண்டனர். அங்கிருந்த பெண்கள் நள்ளிரவில் தெருவில் தள்ளப்பட்டனர். தெருவில் நின்ற குற்றத்திற்காக மறுநாள் நடுவர்முன் நிறுத்தப்பட்டனர். தம்மோடு பல்லாண்டு உழைத்த நண்பர்களே அச்சங்கத்தில் இருப்பதை அம்மையார் கண்டார். மக்களைச் சட்டத்தின் வலிமையால் ஒழுக்கமுடையோராக்க முடியாது என்றும், ஒழுக்கத்தின் பெயரால் ஏழைப் பெண்ணை வேட்டையாடுவது பழைய கொடுமையின் புதிய வடிவமே என்றும் அவர் இடித்துரைத்தார். எதிரிகளை எதிர்ப்பதினும் நண்பர்களை மறுப்பது அவருக்கு அரிய செயலாயிருந்தது.

இந்தியப் பெண்களுக்காக

இங்கிலாந்தில் நீங்கிய சட்டத்தின் உடன்பிறப்பு இந்தியாவில் வாழ்ந்துகொண்டிருந்தது. சென்னை மாகாணத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே படைவீரருக்காகப் பெண்களை அடைத்து மருத்துவம் செய்யும் மனைகள் தோன்றின. 1868இன் இந்தியத் தொற்றுநோய்ச் சட்டம் அம்முறைக்கு விரிந்த வடிவம் தந்தது. பரங்கிமலை, திருச்சிராப்பள்ளி போன்ற படைநகர்களிலும் அத்தகைய மனைகள் இயங்கின. இந்தியப் பெண்கள் பதிவுச்சீட்டு பெற்று, குறித்த நாளில் ஆய்வுக்கு வரவேண்டும்.

படைப்பிரிவுகளின் கடைத்தெருக்களில் போதிய பெண்களை, அதுவும் அழகுடையோரை ஏற்பாடு செய்யுமாறு அறிவுறுத்திய 1886ஆம் ஆண்டின் படைச் சுற்றறிக்கை ஒன்று, 1888இல் இங்கிலாந்தில் வெளிச்சத்துக்கு வந்தது. எழுந்த கொதிப்பில் அவ்வாண்டே அச்சட்டம் நீக்கப்பட்டது. ஆயினும் படைமுகாம் விதிகளின் மறைவில் பழைய நடைமுறை தொடர்கிறது என்று அம்மையார் ஐயுற்றார். 1890இல் கணவரை இழந்து தளர்ந்திருந்த நிலையிலும், காத்தரின் புஷ்னெல், எலிசபெத் ஆண்ட்ரூ என்னும் இரு அமெரிக்கப் பெண்மணிகளை இந்தியாவுக்கு அனுப்பினார். 1891-92இல் அவர்கள் பத்துப் படைமுகாம்களில் பெண்களைக் கண்டு பேசித் திரட்டிய சான்றுகளை, முதலில் மறுத்த படைத்தளபதி ராபர்ட்ஸ் பிரபு 1893இல் வருத்தம் தெரிவிக்க நேர்ந்தது. 1895இல் சட்டம் திருத்தப்பட்டது.

இரண்டே ஆண்டுகளில், 1897இல், கட்டுப்பாட்டு விதிகள் வேறு வடிவில் மீண்டும் வந்தன. இம்முறை அவற்றுக்குப் பெயர்பெற்ற பெண் தலைவர்கள் சிலரும் இசைவு தந்தனர். முதுமையில் அம்மையார் அடைந்த துயரங்களுள் இது பெரிது. அவர் கடல்கடந்து இந்தியாவைக் கண்டவரல்லர். அயல்நாட்டவர் முன்வந்து காக்கவேண்டிய எளியோராக மட்டுமே இந்தியப் பெண்களை அவர் கருதினார் என்று பிற்கால ஆய்வாளர் குறை கூறுவதில் உண்மை உண்டு. பேரரசு என்னும் அமைப்பை அவர் வினவவில்லை. அதன் அநீதிகளையே வினவினார்.

மறைவும் மரபும்

இறுதிக்காலத்தில் பிறந்த மாவட்டத்துக்கே திரும்பிய அம்மையார், 1906 டிசம்பர் 30ஆம் நாள் வூலர் என்னும் ஊரில் இயற்கை எய்தினார். கர்க்நியூட்டன் ஆலய வளாகத்தில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது.

அவர் எழுப்பிய வினா அவரோடு அடங்கவில்லை. 1959இன் தெருக்குற்றச் சட்டம், பொதுமகள் என்னும் பழம்பெயரை இங்கிலாந்தில் மீண்டும் உறுதிசெய்தது. அபராதத்தில் தொடங்கி, திரும்பத் திரும்பப் பிடிபட்டவளுக்கு மூன்று மாதச் சிறை என்று அது படிவைத்தது. அச்சிறைத்தண்டனை 1982இல் நீக்கப்பட்டது. அபராதம் நின்றது; அபராதம் கட்டப் பணம் தேடி மறுபடியும் தெருவுக்கு வரும் சுழலும் நின்றது. 2009இல்தான் பொதுமகள் என்ற சொல் அச்சட்டத்திலிருந்து அகற்றப்பட்டது. அபராதத்திற்கு மாற்றாக, வழிகாட்டுநர் ஒருவரை மூன்று முறை சந்திக்குமாறு பணிக்கும் ஆணையும் அப்போது வந்தது. மூன்று சந்திப்பில் ஒரு வாழ்வு மாறுமா என்பது வேறு. தண்டனையின் இடத்தில் உரையாடலை வைக்கலாம் என்று சட்டம் ஒப்புக்கொள்ள, அம்மையார் மறைந்து நூறாண்டுக்கு மேலாயிற்று.

இந்தியாவின் 1956ஆம் ஆண்டுச் சட்டத்திலும், பொது இடத்தில் அழைத்த குற்றத்திற்கு முதன்முறை ஆறு மாதம் வரை, மறுமுறை ஓராண்டு வரை என்னும் படிநிலை உண்டு. 2022 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணை, இத்தொழிலில் உள்ளோரும் மாண்போடு வாழும் உரிமையுடையோரே என்று அறிவித்தது. காப்பகங்களில் தம் விருப்பத்திற்கு மாறாக வைக்கப்பட்டுள்ள வயதுவந்த பெண்களைக் கணக்கெடுத்து, அவர்களை விடுவிக்க ஆவன செய்யுமாறும் பணித்தது.

காப்பகம் என்று பெயர்ப்பலகை எழுதிவிட்டால் மட்டும் ஒரு கட்டடம் அறக்கோட்டமாகிவிடாது. உள்ளே இருப்பவள் விரும்பினால் வெளியே செல்லலாமா, சென்றபின் உழைத்துண்ண அவளுக்கு ஒரு தொழில் உண்டா, வழுக்கி விழுந்து திரும்பி வந்தால் முன்போலவே ஏற்பார் உண்டா? லிவர்பூல் நிலவறையில் தரையில் அமர்ந்து கயிறு பிரித்த அந்த அம்மையார் கேட்டவை இம்மூன்றே. அவற்றுக்கு விடை சொல்லும் கடமை இன்னும் எல்லா நாட்டுச் சட்டங்களுக்கும் இருக்கிறது.